பேட்டரி இல்லாமல் ஓடின வண்டி

"காயில் கருகிக் கீது. கண்ணு தெரிதா இல்லியா? நான் இன்னாத்த—"

"கருகினது காயில்தான், சுத்தினது நான்தான், அதுக்காக எந்தலையில—"

"இரு, நான் பேசிக்கினு கீறேன்ல—"

"நீதான்யா பேசிக்கினு கீற. மூணு வாரமா நீ மட்டுந்தான் பேசிக்கினு கீற."

ஜெயவேல் தரையில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் ஆல்டர்னேட்டரை வைத்தான். தேங்காய் அளவு இருக்கும் அந்த அலுமினிய உருண்டை. வண்டி ஓடும்போது பேட்டரிக்குக் கரண்டு ஏற்றுவது அதன் வேலை. உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி, அடுப்பில் மறந்துபோன வெல்லப் பாகு மாதிரி கறுத்துக் கிடந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அறை ஒன்றுதான். நாற்றம் போக இடமில்லை. அவன் மனைவி செங்கொடி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அது அவள் சுற்றிய கம்பி.

கல்யாணத்துக்கு முன்னால் திருவொற்றியூரில் ஒரு ஃபேன் கம்பெனியில் ஆறு வருஷம் காயில் சுற்றியவள் அவள். கம்பெனியை மூடிவிட்டார்கள், கை மட்டும் மறக்கவில்லை. ராயபுரத்தில் ஜெயவேல் வைத்திருந்த ஷெட்டுக்கு வரும் எரிந்த டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் மஞ்சள் பையில் வீட்டுக்கு வரும். அவள் சுற்றிக் கொடுப்பாள், அவன் கொண்டுபோய் மாட்டுவான். பதினோரு வருஷமாக இப்படித்தான். ஷெட்டுக்கு அவள் போனதில்லை. போக வேண்டிய வேலையும் வந்ததில்லை.

இப்போது தகராறு எல்லாம் ஒரே ஒரு வண்டியால். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லூயிஸ் சாருடைய வண்டி. அறுபத்தாறில் இங்கிலாந்தில் செய்தது, ரெண்டே சீட்டு, மடக்குகிற கூரை, துருத்திக்கொண்டு நிற்கும் உருண்டை விளக்குகள். தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். சோழவரம் பந்தயத்தில் ஓடின வண்டி என்று லூயிஸ் சொல்வார். எத்தனையாவதாக வந்தது என்று மட்டும் சொல்லமாட்டார். பேட்டரிக்குக் கரண்டு ஏற்றும் அதன் பழைய பாணி டைனமோ செத்துப்போனபோது, இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷமாகியும் எவன் டைனமோ போடுகிறான் என்று ஒரு பழைய ஆல்டர்னேட்டருக்கு அவளிடம் காயில் சுற்றி வாங்கி மாட்டிக் கொடுத்தவன் ஜெயவேல்தான். எண்ணூர் போய்த் திரும்புவதற்குள் எரிந்தது. காயிலைப் புதிதாகச் சுற்றி, அதன் உள்ளேயே இருக்கும் டயோடு தட்டையும் புதிதாகப் போட்டு மாட்டினான். அதுவும் எரிந்தது. இப்போது சுற்றப்போவது மூன்றாவது.

"லாரிக்காருங்க இன்னா சொல்றாங்க தெரிமா?"

"இன்னா சொல்றாங்க?"

"ஜெயவேலு ஷெட்ல காயில் நிக்காதுன்றாங்க."

"அவுங்களாண்ட யாரு சொன்னது?"

அவன் தீப்பெட்டியைத் தேடினான்.

"நீதான சொன்ன? எம்பொண்டாட்டி சுத்தினது, அதான் எரிஞ்சி பூட்ச்சின்னு?"

"கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா? இத பாருமே, இதான் கடைசி. இதுவும் பூட்ச்சின்னா மூலக்கொத்தளம் செல்வத்துக்குக் குடுத்துருவேன்."

"தவள வண்டியவா?"

"எல்லாத்தையும். லாரி, டெம்போ, மீன்புடி லாஞ்சு, எல்லாத்தையும்."

அன்று மதியமே அவள் காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். சுற்றை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினாள். வார்னிஷ் ஊற்றி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தாள். புதுத் தட்டில் டயோடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து மூடினாள். வியாழக்கிழமை காலை ஜெயவேல் மஞ்சள் பைக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நானும் வரேன்."

"ஷெட்டுக்கா? அங்க இன்னா கீது உனுக்கு?"

"என் காயில் கீது."

ஷெட்டுக்கு லூயிஸ் சார் முன்னமே வந்து, தவளையின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நீங்கதானா அந்தக் காயில்…" என்று ஆரம்பித்தவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவரிடமும் சொல்லியாகிவிட்டது என்று அவளுக்கு விளங்கிற்று.

"ஆமா சார். எரியிற காயில் சுத்துறவ நான்தான்."

"சேச்சே. ஞாயித்துக்கிழமை பழைய வண்டிங்கள்லாம் தீவுத்திடல்ல சேருது. அதுக்கு மட்டும் ஓடிட்டா போதும்மா. திரும்பி வரும்போது தள்ளிக்கிட்டே வந்தாலும் பரவாயில்ல."

ஜெயவேல் மாட்டி, பெல்ட்டை இழுத்து முடுக்கினான். லூயிஸ் சாவியைத் திருப்பினார். இருமி இருமி எஞ்சின் பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்டு ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம்.

"பாத்தல்ல? நான் மாட்டினதுல குத்தம் இல்ல," என்றான் செங்கொடியிடம். பிறகு குரலை உயர்த்தி, "சார், லைட்டப் போட்டுட்டு இப்டி வாங்க."

லூயிஸ் ஆசையோடு வந்து நின்றார். ஜெயவேல் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைத் தளர்த்தி, கேபிளை அப்படியே மேலே தூக்கிப் பிடித்தான். எஞ்சின் நிற்கவில்லை.

"பேட்டரியே இல்ல சார். வண்டி ஓடுது பாருங்க. ஜெயவேலு டெஸ்ட்டுன்னா சும்மா இல்ல."

லூயிஸ் கை தட்டினார்.

செங்கொடி வண்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். தவளையின் கண் இரண்டும் திடீரென்று வெள்ளை வெளேரென்று பொங்கியதும், இடது கண் பட்டென்று அவிந்ததும் அவளுக்குத்தான் தெரிந்தது.

"பல்பு பழசு," என்று சொல்லிக் கேபிளை மறுபடி மாட்டினான் ஜெயவேல்.

அவள் சுற்றி வந்து, திறந்த வண்டிக்குள் குனிந்து, வெயிலை உள்ளங்கையால் மறைத்து டாஷ்போர்டைப் பார்த்தாள்.

"சார், இந்த செவப்பு லைட்டு அணைஞ்சிதில்ல?"

"அணைஞ்சுதே."

"இப்ப எரியிது. இப்டி மறைச்சிப் பாருங்க."

லூயிஸ் பார்த்தார். "ஐயோ, ஆமா. வெயில்ல இது என் கண்ணுக்குத் தெரிஞ்சதே இல்லம்மா."

"யோவ், நிறுத்து வண்டிய."

"ஓடிக்கினுதான கீது—"

"நிறுத்துன்றேன்ல! கயட்டு அத."

அவன் கழற்றினான். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து பிரித்தாள். காயில் தேன் நிறத்தில், மாடியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"கருகலியே," என்றான் ஜெயவேல்.

"அதான் நானும் பாக்கிறேன்."

ஒரு பல்பையும் பேட்டரியையும் கம்பியில் கோத்து டயோடு தட்டில் வைத்தாள். டயோடு கரண்டை ஒரு பக்கம்தான் விட வேண்டும்; பல்பும் ஒரு பக்கத்துக்குத்தான் எரிய வேண்டும். கம்பியை மாற்றி மாற்றி வைத்தாள். இரண்டு பக்கமும் எரிந்தது. அடுத்த டயோடிலும் அப்படியே.

"வூட்ல மூடறப்ப நல்லா இருந்திச்சி. இப்ப பூட்ச்சி."

"டயோடு பூட்டா காயில் ஏன்மே கருகணும்?"

"செத்துப்போன டயோடோட எண்ணூர் வரிக்கும் ஓட்னா காயில் தாங்குமா? மொத ரெண்டும் அப்டித்தான் பூட்ச்சி. கருகினப்புறந்தான நீ தொறந்த?"

"சரிம்மா, நல்லா இருந்த டயோடு எப்படிப் போகும்?" என்றார் லூயிஸ்.

"லைட்டு அணைஞ்சிது, அப்புறம் எரிஞ்சிது. நடுவுல ஒண்ணே ஒண்ணுதான் சார் நடந்துது."

மூன்று பேரும் ஸ்பேனரைப் பார்த்தார்கள். அது ஜெயவேல் கையில்தான் இருந்தது.

"இருவது வருசமா இப்டித்தான் டெஸ்ட்டு பண்றேன்! எத்தினி அம்பாசடர்!"

"அதெல்லாம் டைனமோ, டயோடே கெடையாது, தாங்கும். ஆல்டர்னேட்டர்லருந்து வர்ற கரண்ட பேட்டரிதான் வாங்கி வெச்சிக்கினு கீது. அத நீ புடுங்கிட்டா கரண்டு எங்க போவும்? பொங்கிப் போயி டயோடத்தான் அடிக்கும். பல்பு வெடிச்சிதே. ஆல்டர்னேட்டர் வெச்ச லாரிக்கு இப்டிப் பண்ணிக் கீறியா?"

"லாரி டீசலு. அதுல பேட்டரியக் கயட்னா இன்னா, கயட்டாட்டி இன்னா, ஓடிக்கினுதான் இருக்கும். அதுல போயி இன்னா டெஸ்ட்டு? அதனால லாரில இத்தப் பண்ணதே…" சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஷெட்டில் இன்னொரு டயோடு தட்டு இருந்தது. செங்கொடி அதைச் சோதித்துப் போட்டு மூட, ஜெயவேல் மாட்டினான். சிவப்பு விளக்கு அணைந்தது. அவன் கை பழக்கத்தில் பேட்டரிப் பக்கம் போயிற்று. பிறகு தானாகவே திரும்பி வந்தது. லூயிஸ் எண்ணூர் போய், அரை மணி அங்கே நிறுத்தி, திரும்பி வந்தார். கையால் மறைத்துப் பார்த்தும் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தார்கள்; இளஞ்சூடு, அவ்வளவுதான்.

எதிர் டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் எத்திராஜ் கிளாசோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"இன்னா ஜெயவேலு, காலைலருந்து கயட்றதும் மாட்றதுமா கீற? மறுபடியும் காயிலா?"

"காயில் இல்லபா," என்றான் ஜெயவேல். கழிவுத் துணியை எடுத்து ஸ்பேனரை அழுத்தித் துடைத்தான். "பழைய வண்டி. கடலாண்ட நிக்கிது. உப்புக் காத்து…"

லூயிஸ் சார் தொப்பியைக் கழற்றி அதன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கொடி மண்ணிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள்.

"எரிஞ்சப்பல்லாம் ஊருக்கே எம்பேரச் சொன்ன. இன்னிக்கு எரியல, உப்புக் காத்துன்ற. எத்திராஜண்ணன் நின்னு கேக்குறாருல்ல, இத்தினி நாளா யாரு எரிச்சதுன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"