எட்டு இழை நூலும் உட்காரும் வேலையும்

என் மச்சினன் ஒரு பொருளை வாங்கினால், அதன் பெருமையை நாலு பேரிடம் சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அன்று காலை அவன் வாங்கி வந்தது தூண்டில் நூல். வழக்கமான நைலான் நரம்பு இல்லை, எட்டு இழையைச் சேர்த்துப் பின்னிய பச்சை நூல். இதைக் கட்டி ஒரு ஆளையே இழுக்கலாம் என்றான். சட்டைக்குப் பட்டன் தைக்கலாம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அன்று எனக்குப் பெரிய வேலை இருந்தது. கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி என் முதுகு கொக்கி மாதிரி ஆகிவிட்டது. அங்கே மூட்டை அடுக்குகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போனதால், அந்த இடத்துக்கு என்னை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சோதிக்கும் அதிகாரி மத்தியானம் வருவார். தேறினால் இனி மூட்டை கிடையாது, உட்கார்ந்துகொண்டே வேலை. அந்த வண்டியின் இருக்கையில் பஞ்சு இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் நான் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை தவறினால் அதிகாரி மறுபடி எப்போது வருவார் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார்.

பட்டன் தைக்கலாம் என்றதும் மச்சினனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நூலின் ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினான், மறு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நின்று இருவரும் இழுத்தோம். நூல் அறவில்லை. முடிச்சுகள்தான் இறுகிக் கடுகு அளவுக்குப் போய்விட்டன. செல்போனைப் பார்த்துக் கற்ற முடிச்சாம். எப்படி அவிழ்ப்பது என்றேன். அந்தப் பகுதி வருவதற்கு முன்பே செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றான்.

சரி, வெட்டிவிடலாம் என்று சமையலறைக் கத்தியை எடுத்தோம். நூல் கத்திக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டே போனது. நகவெட்டி கடித்த இடத்தில் கொஞ்சம் பஞ்சு கிளம்பியது, அவ்வளவுதான். என் மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுத்தபோது அவளே வந்துவிட்டாள். நாங்கள் கட்டுண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டதுதான் முதல் காரியம்.

"துணி வெட்டுறதுல கண்டதையும் வெட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அடுப்புல காட்டுங்க, உருகிப் போயிடும்."

மச்சினன் அலறிவிட்டான். நடுவில் தீ வைத்தால் அது பட்டாசுத் திரி மாதிரி இரண்டு பக்கமும் ஓடி வந்து இருவர் கையையும் சுட்டுவிடும் என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அக்காள் தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இந்தத் தம்பி கிடைத்ததா, இந்தப் புருஷன் கிடைத்ததா, எது தான் செய்த பெரிய பாவம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

ஆகவே தெருமுனை இரும்புக் கடைக்குக் கிளம்பினோம். நூல் இழுபட்டால் மணிக்கட்டை அறுத்தது. அதனால் மிச்ச நூலைச் சுருட்டி மச்சினன் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். தோளோடு தோள் உரசிக்கொண்டு, புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி நடந்தோம். பேருந்துக்கு நின்ற ஒருவர், இதில் போலீஸ் யார், திருடன் யார் என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினோம்.

கடைக்காரம்மாவுக்கு அன்று வியாபாரம் மந்தம். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பின்னல் நூலுக்கென்றே பல் வைத்த சின்னக் கத்தரி ஒன்று உண்டாம். இருந்த ஒன்றையும் நேற்று யாரோ நாய்க்கு முடி வெட்ட வாங்கிப் போய்விட்டாராம். அதனால் என்ன, கடையில் வெட்டும் சாமானுக்குப் பஞ்சமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பலகை மேல் பரப்பினார்.

முதலில் கட்டிங் பிளேயர். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். நூல் நாடா மாதிரி நசுங்கியது, அறவில்லை. தகரம் வெட்டும் கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் நூல் மடிந்து போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. செடி வெட்டும் கத்தரி மச்சினன் சட்டையின் கை ஓரத்தை அழகாக வெட்டியது. இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடால் அறுத்தபோது நூல் பிளேடோடு சேர்ந்து முன்னும் பின்னும் போய் வந்தது. ஊஞ்சல் ஆடுகிற மாதிரி இருந்தது.

கடைக்காரம்மா விடவில்லை. கைப்பிடி நல்லா இருக்கா, கனம் தெரியுதா, துரு பிடிக்குமா என்று எங்களையே கேட்டு, பிடிக்காததை ஒரு பக்கமும் பரவாயில்லை என்றதை ஒரு பக்கமும் அடுக்கினார். ஆணி வாங்க வந்தவர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோடாலி என்றார் ஒருவர். மச்சினன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

நேரம் ஆகிவிட்டது. நூல் அறுந்தாலும் அறாவிட்டாலும் நான் கிடங்குக்குப் போயே ஆக வேண்டும். மச்சினனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி ஏற்கெனவே வந்திருந்தார். குட்டையான பெண்மணி, காதில் பேனா செருகியிருந்தார். சூப்பர்வைசர் பெட்டி அறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து நூலைத் தொங்கவிட்டுத் தேய்த்துப் பார்த்தார். பஞ்சுதான் வந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வண்டியில ஓட்டுறவர் மட்டுந்தான் ஏறணும்."

"அவன் ஏற மாட்டான் மேடம். கூடவே நடப்பான்."

"நடக்கிறவங்க மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் வரணும்."

"நான் வர்றேன் மேடம்," என்றான் மச்சினன். அவனுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் போல. "ஆனா மாமா, மெதுவா ஓட்டுங்க. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

அதிகாரியின் விதிகளில் எந்த இடத்திலும் நூல் என்ற சொல் இல்லை என்று தெரிந்தது போல. சரி என்று தலையசைத்தார்.

மச்சினன் சட்டைப்பையிலிருந்து நூலை முழுவதும் வெளியே விட்டு, மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நின்றான். நான் ஏறி உட்கார்ந்தேன். அந்தப் பஞ்சைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தன் இடத்தைத் தேடிப் போய் அமர்ந்தது.

நேராக ஓட்டினேன், மச்சினன் ஓடி வந்தான். வண்டியின் முன்னால் நீட்டியிருக்கும் இரும்புக் கொம்பை, மூட்டைகளைத் தாங்கும் பேலட் பலகைக்கு அடியில் விட்டு மாவு மூட்டை அடுக்கைத் தூக்கினேன், மச்சினன் மூச்சு வாங்கினான். அடுத்தது பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். இந்த வண்டி திரும்பும்போது பின்பக்கம் வாலை வீசுகிற மாதிரி வீசும். அதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். வால் தன் பக்கம் வருவதைக் கண்டதும் அவன் எதிர்ப்பக்கம் ஓடினான். நூல் வண்டியின் பின்தகட்டு ஓரத்தில் மாட்டி விறைத்தது. டக் என்று ஒரு சத்தம், நூல் அறுந்துவிட்டது.

வெட்டிப் பார்த்தபோதெல்லாம் நாங்கள் இருவரும் கை வலிக்காமல் இருக்க நூலைத் தொய்வாகவே வைத்திருந்தோம். தொய்ந்த நூலுக்கு எந்தக் கத்தியும் லட்சியம் இல்லை. விறைத்ததும் ஒரு தகட்டின் ஓரமே போதுமாக இருந்தது.

மச்சினன் போன வேகத்தில், ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கிழிந்த மாவு மூட்டைகளுக்குள் தலைகுப்புற விழுந்தான். வெள்ளைப் புகை எழுந்தது. அதற்குள்ளிருந்து, "ஐயோ, மாமா, போயிட்டேன்," என்று குரல் வந்தது.

நான் வண்டியை நிறுத்தினேன். கொம்பைத் தரையில் இறக்கினேன். கைப்பிரேக்கை இழுத்தேன். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அதற்கு மேல் உட்கார்ந்திருக்கக் காரணம் எதுவும் கிடைக்காததால் எழுந்து இறங்கினேன். உண்மையைச் சொன்னால் இருக்கையை விட்டு எழ உடம்புக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நிதானம்.

அதிகாரி காதிலிருந்த பேனாவை எடுத்தார்.

"இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் வண்டியை அப்படியே விட்டுட்டுக் குதிச்சிடுவாங்க. இத்தனை வருஷத்துல வரிசை தப்பாம இறங்கின முதல் ஆள் நீங்கதான்."

மாவுக்குள்ளிருந்து மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். புருவம், மீசை எல்லாம் வெள்ளை. கண் மட்டும் சிவப்பாக இருந்தது.

"நான் அங்க செத்துக்கிட்டு இருக்கேன், நீங்க சாவியை எடுத்துப் பத்திரமா பையில வைக்கிறீங்களா?"

"வரிசைடா," என்றேன்.

"எங்கக்கா கிட்ட சொல்றேன் இருங்க, வரிசையை."

ஒரு அடுக்கு பாக்கி இருக்கிறது, அதையும் தூக்கி வைத்துவிட்டால் முடிந்தது என்றார் அதிகாரி. நான் சாவியை எடுத்து ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் உறுமியதும் மச்சினன் மஞ்சள் கோட்டைத் தாண்டி, கதவையும் தாண்டி, வெளியே போய் நின்று எட்டிப் பார்த்தான்.