பள்ளிக்கூடம் இருக்கிறது

அன்றைக்கு ஸ்டோர் ரூமில் இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டோர் கீப்பர் தன் மேசைக்கு முன்னால், ஒரு கால் ஆடும் நாற்காலியில். ஜெனரேட்டர் மெக்கானிக் ஜன்னலோரம், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்மேல், மடியில் நீல அட்டை நோட்டோடு. ஸ்டோர் கீப்பரின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அரிசி மூட்டைமேல் சாய்ந்தபடி. மணி பன்னிரண்டரை. தபால் படகு மூன்று மணிக்குக் கிளம்பும். அதை விட்டால் அடுத்த வெள்ளிக்கிழமைதான்.

மூவரும் ஒரே ஏஜெண்டு மூலம், ஒரே தெருவிலிருந்து, இந்தக் கடற்கரை ஓட்டலுக்கு வந்தவர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இப்படி உட்கார்ந்து, வீட்டுக்கு எழுதியதை உரக்கப் படித்துவிட்டுத்தான் கவரை ஒட்டுவார்கள். ஆறு வருஷப் பழக்கம். வந்த புதிதில் ரூமில் ஏசி என்று மைத்துனன் எழுத, ஃபேன் காற்றே போதும் என்று மெக்கானிக் எழுத, அங்கே இரண்டு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்லி மாளவில்லை. அப்போது பிறந்ததுதான் நீல நோட்டு. ஒருவர் எழுதியது தேதியோடு அதில் ஏறிவிட்டால் மற்ற இருவரும் அதற்கு ஒத்து ஊத வேண்டும். ரூம்: ஆளுக்கு ஒன்று. தண்ணீர்: நல்ல தண்ணீர். ஆஸ்பத்திரி: இருக்கிறது, டாக்டர் இரண்டு பேர்.

ரூம் மூவருக்கும் ஒன்றுதான். தண்ணீர் தலையில் விட்டால் முடி கயிறாகிவிடும். ஆஸ்பத்திரி என்பது மாதம் ஒருமுறை மாத்திரைப் பெட்டியோடு படகில் வந்து அதே படகில் திரும்பும் நர்ஸம்மா. நாலு மாதம் விருந்தாளிகள் வருவார்கள். மிச்ச எட்டு மாதமும் மழை. எங்கிருந்தோ வந்து இறங்குகிறவர்கள், தினமும் இந்தக் கடலைப் பார்க்கக் கொடுத்து வைத்தவரய்யா நீங்கள் என்பார்கள். ஸ்டோர் கீப்பர் தலையாட்டி வைப்பார். அவருக்குக் கடல் என்பது கதவுக் கீலில் ஏறும் துருவும், நமுத்துப்போன தீப்பெட்டியும்தான்.

காலைப் படகில் மனைவியின் கடிதம் வந்திருந்தது. அதை மூன்றாம் தடவையாகப் படித்தார்.

"ஒத்தையா இழுத்தது போதும். நீங்கதான் எழுதியிருக்கீங்களே, நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்குன்னு. பாப்பாவுக்கு டிசி கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த மாசக் கடைசிக்குள்ள வேண்டாம்னு பதில் வரலைன்னா நாங்க கிளம்பறோம்."

கடிதம் போய்ச் சேரப் பதினெட்டு நாள். அவள் சொன்ன மாதக் கடைசிக்கு இனி இருபது நாள் இருந்தது.

பள்ளிக்கூடத்தை நோட்டில் ஏற்றியவர் அவரேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அங்கே பிள்ளைங்க எங்கப்பா படிப்பாங்க என்று மகள் கேட்டிருந்தாள். இங்கே ஒரு கொட்டகையில் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதற்கும் முன்பே படகேறிப் போயிருந்தார். அந்தக் கொட்டகையில் இப்போது மீன்வலை கிடக்கிறது.

"கூரை புயல்ல பறந்துடுச்சுன்னு எழுதுங்க மாமா," என்றான் மைத்துனன்.

மெக்கானிக் நோட்டைப் புரட்டினார். "புயலைப் போன வருஷமே எழுதியாச்சு. என் பொண்ணு நிச்சயத்துக்கு நான் போகாததுக்கு."

"அப்ப அம்மை."

"அம்மை உன் பேர்லதான்டா இருக்கு. மூணு வாரம் படுத்துக் கிடந்திருக்கே."

"எனக்கே மறந்து போச்சுண்ணே. யாரு பாத்துக்கிட்டா என்னை?"

"டாக்டர் ரெண்டு பேர்."

மைத்துனன் மூட்டை குலுங்கச் சிரித்தான். ஸ்டோர் கீப்பருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. இன்னொரு பொய்யை எடுத்து, தேதி போட்டு, அதற்கும் காவல் இருக்க வேண்டும்.

"உள்ளதை எழுதிடறேண்ணே," என்றார்.

மெக்கானிக் நோட்டை மூடினார். "ஒண்ணை உருவினா மொத்தமும் சரியும் தம்பி. பள்ளிக்கூடம் பொய்னா ஆஸ்பத்திரியும் பொய்தானேன்னு என் வீட்ல கேப்பா. எனக்கு ரெண்டு தடவை நெஞ்சு வலி வந்துது. டாக்டர் பாத்துட்டார், வாயுதான்னு எழுதியிருக்கேன். அதை நம்பித்தான் அவ தூங்கறா."

"மாமா, அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா," என்றான் மைத்துனன். "நானும்தானே சேந்து எழுதினேன்."

"உங்கக்கா பிள்ளையோட இங்க வந்து இறங்கினா அப்ப என்னடா சொல்லுவே?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

ஸ்டோர் கீப்பர் மேசைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தார். வழக்கம்போல நம்பர் போட்டு. ஒன்று, ரூம். இரண்டு, தண்ணீர். மூன்று, பள்ளிக்கூடம், அதற்கு மட்டும் ஒரு பக்கம் ஆயிற்று. நான்கு, ஊர் திரும்புவது. அதில் எழுதினார்: "இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. அங்கே எனக்கென்று ஒரு வேலையும் காத்திருக்கவில்லை. இருந்தும் வந்துவிடலாம் என்று தோன்றுகிறது. வா என்று நீ எழுதினால் வருகிறேன். கோபத்தில் எழுதினாலும் சரி."

மணி இரண்டே கால். பிஸ்கட் டின்னைத் திறந்து, அரிசிக்குள் புதைத்து வைத்திருந்த கவர்களில் ஒன்றை எடுத்தார். வெளியே வைத்தால் இந்த ஊர் ஈரத்தில் கவர் தானாகவே ஒட்டிக்கொண்டுவிடும். தாளை மடித்து உள்ளே வைத்தார்.

"படிக்கலையா?" என்றார் மெக்கானிக்.

"இல்லண்ணே. இது வேணாம்."

ஆறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. மெக்கானிக் கவரைக் காட்டிக் கேட்டார்:

"ஆஸ்பத்திரி?"

"அதைப் பத்தி ஒரு வரியும் எழுதலை. ஆனா அண்ணே, அதை நீங்களே ஒருநாள் எழுதிடுங்க."

மெக்கானிக் நோட்டைத் திறந்து, பள்ளிக்கூடம் என்றிருந்த வரியைத் தேடி, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார்.

ஸ்டோர் கீப்பர் விரலைத் தண்ணீரில் நனைத்துக் கவரின் ஓரத்தில் தடவினார். ஒட்டி, மேலே ஸ்டோர் ரூம் பூட்டை ஏற்றி, ஐந்து நிமிஷம் வைத்தார். பிறகு சட்டைக்குள் செருகிக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார். படகுக்காரர் தபால் சாக்கைக் கட்டத் தொடங்கியிருந்தார். இவரைக் கண்டதும் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். கவர் உள்ளே விழுந்ததும் சாக்கைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கினார்.