அடைப்பு ஏறிட்டே போகுது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பேருந்தில் ஒட்டுக்கேட்டது. முன் இருக்கையில் ஒரு பெண் கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தாள்: "அடைப்பு ஏறிட்டே போகுது சார். இன்னும் இழுத்தா மொத்தமா போயிடும். கொஞ்சம் ஓய்வு கொடுங்க."

யாருக்கோ இதயத்தில் அடைப்பு என்று நானே முடிவுகட்டி எழுத ஆரம்பித்தேன்: 'மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபோது—'

(அடித்துவிட்டேன். கதையில் வரும் மருத்துவர்களுக்குக் கண்ணாடியைக் கழற்றுவதை விட்டால் வேறு வேலையே இல்லை.)

2

இறங்கும்போது கேட்டே விட்டேன். அவள் கழிவுநீர் நிலையத்தில் ஆபரேட்டராம். அங்கே தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். நூல் நூலாகத் தொங்கும் வடிகட்டிச் சவ்வுகள் வழியாகப் பம்பு தெளிந்த நீரை மட்டும் உறிஞ்சும். சவ்வில் சேறு அப்பிக்கொண்டால் தண்ணீர் குறையும். அப்போது பம்பை முடுக்கினால் சேறு இன்னும் இறுகும். உறிஞ்சுவதை நிறுத்தி, அடியிலிருந்து காற்றுக் குமிழ்களை மட்டும் விட வேண்டும். அப்பியது தானாகக் கழன்று வரும். எல்லாம் அல்ல, கொஞ்சம்.

மேலாளர், "தண்ணி கம்மியா வருதேம்மா, பம்பை ஏத்து" என்பார்.

"கம்மியா வர்றதாலதான் சார் ஏத்தக் கூடாது" என்பாள் இவள்.

3

இனி என் கற்பனை. அவளுக்கு ஒரு மகள் (தேவைப்பட்டது, வைத்தேன்). படிப்பைப் பாதியில் விட்டு விடுதியிலிருந்து வந்து அறைக்கதவைச் சாத்தியவள்தான். ஏன் என்று சொல்லவில்லை. இவளை எங்கே இழந்துவிடுவோமோ என்று அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"என்னடி ஆச்சு? அம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா வந்த? சொல்லுடி!"

அதுவரை வந்த 'ஒண்ணுமில்ல'யும் அதன்பின் வரவில்லை. சவ்வுக்கு அத்தனை பரிந்து பேசுகிறவளுக்கு வீட்டில் ஓய்வு கொடுக்கத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றுகிறது?

4

மகள் ஏன் வந்தாள்? காரணங்கள் எழுதிப் பார்த்தேன். 'விடுதியில் அவளை—' 'அந்தப் பையன்—' மூன்றாவதை உங்களிடம் காட்ட மாட்டேன். எழுத எழுத அவள் வாய் இன்னும் இறுகியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: கதவுக்கு வெளியே அம்மா மட்டும் நிற்கவில்லை, பேனாவோடு நானும் நின்று உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன். பாவம், அந்தப் பெண்.

5

அதனால் அம்மா இன்று கேட்கவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் மேலாளரைத் திட்டுகிறாள்.

"ஏத்து ஏத்துங்கறாரு. அவரை ஒருநாள் அந்தத் தொட்டிக்குள்ள இறக்கி உக்கார வைக்கணும்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சிரிப்பா, புரண்டு படுத்தாளா, தெரியவில்லை.

(காற்றுக் குமிழ். இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது.)

காரணத்தை அறிய உங்களுக்கும் ஆவல் இருக்கும். எனக்கும்தான். வாருங்கள், அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். கதவை மட்டும் தட்டிவிடாதீர்கள்.