ஆள் சாகாத கதை

பதினைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு எந்த மாயக்கதையைக் கொடுக்கலாம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெருமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பதினோரு வருடமாக இரவல் புத்தகக் கடை நடத்துகிறேன். பெயர் ஹம்சவேணி. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் திட்டுவது தமிழ். டிராகன் கேட்கிறவனுக்கு டிராகன். மந்திரத்தோடு கொஞ்சம் காதலும் வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டு ரேக்கையே சுற்றிச் சுற்றி வருகிற பெண்ணுக்கு அது. "ஏதாவது நல்ல புக்கா குடுங்கக்கா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல புக்காம்! கெட்ட புக்கையா நான் அடுக்கி வைத்திருக்கிறேன்?

வெள்ளைத்துரை என்பவர் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தார். அலங்காநல்லூர் பக்கம் விவசாயம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

"தங்கச்சி, எம்பொண்ணுக்குப் புஸ்தகம் வேணும். பன்னெண்டாவது படிக்கிது. மாயம் மந்திரம்னு வர்ற கதையாத்தான் படிக்கும்."

"தாராளமாண்ணே. எந்த மாதிரி? சண்டையா, பேயா, ராஜா ராணியா?"

"ஆள் சாகாத கதை."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "மாயக்கதைல ஆள் சாகாம எப்பிடிண்ணே? மொத அத்தியாயத்துலயே ஒருத்தர் செத்தாத்தான் கதையே கெளம்பும்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் என் வாய் நின்றது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மெதுவாகச் சொன்னார். மூத்த மகன் பாண்டியராஜன், இருபத்திரண்டு வயது. தை மாதம் வாடிப்பட்டி நாலுவழிச் சாலையில் அவன் பைக்கில் லாரி மோதிவிட்டது. அன்றிலிருந்து இளையவள் சுபலட்சுமி பேசுவதே இல்லை.

"சோறு வச்சா திங்கிது. ஏதும் கேட்டா 'ம்'ங்கிது. அம்புட்டுத்தான். நாங்களும் வீட்டுல அவன் பேச்சை எடுக்கிறதில்ல. போட்டோகூட மாட்டல. சொந்தக்காரங்ககிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிப்புட்டேன், புள்ள முன்னாடி வாயத் தொறக்காதீங்கன்னு. புஸ்தகம் படிச்சா மனசு மாறும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இருக்கிறது இவ ஒருத்திதான் தங்கச்சி. இவளும் கையை விட்டுப் போயிருவாளோன்னு பயமா இருக்கு."

எழுந்துபோய் ரேக்கைப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். ஒன்றில் அம்மா சாகிறாள். ஒன்றில் தோழன். இன்னொன்றில் நாடே சாகிறது. எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் வேண்டாமா?

"டிராகன் செத்தாப் பரவாயில்லையாண்ணே?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "டிராகன் பரவாயில்ல. ஆள்தான் கூடாது."

தேடித் துழாவி மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையே மூன்றும் திரும்பி வந்துவிட்டன. முடித்துவிட்டாளாம். பிடித்ததா என்று கேட்டால், "தெரியலம்மா, ஒண்ணுஞ் சொல்லல" என்றார். ஆள் சாகாத கதை அதோடு கடையில் தீர்ந்தது.

அப்போதுதான் இரவல் கடை வைத்திருக்கிற எவளும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். ஸ்டேப்ளரை எடுத்தேன். என் கடையிலேயே ஆகச் சிறந்த மூன்று பாகக் கதை ஒன்று உண்டு. அதன் முதல் பாகத்தில் சாவு வருகிற பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரமெல்லாம் பின் அடித்தேன். 'அச்சு சரியில்லை, விட்டுவிட்டுப் படிக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டும் ஒட்டினேன். அடுத்த வாரம் இரண்டாம் பாகத்துக்கும் அதே வேலை. நடுவில் வேறு கதைகளுக்கும். வெள்ளைத்துரை என்னை "மகராசி" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நானே எனக்கு மாலை போட்டுக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அவர் தனியாக வரவில்லை. மகளும் கூட வந்தாள். ஒல்லியான பெண். இரட்டைச் சடை, கையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் நேராக என் மேசைக்கு வந்து, அந்த டப்பாவைத் திறந்து கவிழ்த்தாள். வளைந்து நெளிந்த ஸ்டேப்ளர் பின்கள் பொலபொலவென்று கொட்டின.

"நீங்கதானேக்கா அடிச்சது? நூத்தி நாலு இருக்கு. எல்லாத்தையும் நகத்தாலயே எடுத்தேன்."

வாசலில் வெள்ளைத்துரை ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். மகள் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அச்சு சரியில்லம்மா, அதான்" என்றேன். பொய் சொன்னால் என் குரல் கீச்சென்று போய்விடும்.

"அச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க பின் அடிச்ச பக்கத்தை மட்டுந்தான் நான் படிச்சேன். மத்தது எனக்கு வேணாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுல எங்கண்ணன் பேரைக்கூட யாரும் சொல்றதில்லக்கா. அவன் பொறக்கவே இல்லங்கிற மாதிரி இருக்காங்க. இந்தப் புக்குலதான் செத்தவனைப் பத்தி அம்புட்டுப் பேரும் உக்காந்து பேசுறாங்க. எனக்கு மூணாம் பாகம் வேணும். பின் அடிக்காம வேணும்."

"வேணாம் தாயி" என்று உள்ளே வந்தார் அப்பா. "சாவு கீவுன்னு... வேற ஏதாச்சும் படி. தங்கச்சி, நீங்க சொல்லுங்க."

கன்னத்தில் பளாரென்று வாங்கியது போல இருந்தது எனக்கு. எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று தெரியும் என்று மார்தட்டியவள், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அப்பா கேட்டதைக் கொடுத்திருக்கிறேன். அவள் கேட்டதை ஓரமெல்லாம் இறுக்கி மூடியிருக்கிறேன். ரேக்கிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "மன்னிச்சுக்கம்மா" என்றேன். வெள்ளைத்துரை என்னைப் பார்த்த பார்வையில் மகராசி பட்டம் அன்றோடு போனது.

ஆனால் அவள் மூன்றாம் பாகத்தைத் தொடவில்லை. பையிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்தாள். பின் அடித்த ஓட்டைகள் ஓரத்தில் வரிசையாகத் தெரிந்தன. "அப்பா, இதைக் கேளுங்க" என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

அந்த இடம் எனக்கு மனப்பாடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தனியாக நிற்கிற தங்கை, அண்ணனை வரச்சொல்லி ஒரு நீல விளக்கை ஏற்றுவாள். அதைப் பார்த்துவிட்டு அவன் வெள்ளத்தில் இறங்குவான். கரை சேர மாட்டான். ஊரெல்லாம் கூடி அவனைப் பற்றிப் பேசி அழும். விளக்கை ஏற்றியது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவளும் சொல்ல மாட்டாள்.

அந்த வரியில் சுபலட்சுமியின் குரல் நின்றது. புத்தகத்தை மூடினாள்.

"அன்னைக்கு நாந்தான்ப்பா போன் பண்ணேன். வாடிப்பட்டில டியூசன் முடிஞ்சிருச்சு, பஸ்ஸு கூட்டமா இருக்கு, வந்து கூப்பிட்டுப் போடான்னு. நான் கூப்பிடலேன்னா அவன் வந்திருக்கவே மாட்டான்ப்பா."

எட்டு மாதமாக அந்தப் பெண் தொண்டைக்குள் இதையா வைத்திருந்தாள்! வெள்ளைத்துரை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் தாயி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லிட்டுத்தானே வண்டிய எடுத்தான். உனக்கு அது ஞாபகம் வரக் கூடாதுன்னுதான் நாங்க யாரும் அவன் பேச்சையே எடுக்கல. நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன். கிறுக்குப் பய நான்." அவள் கையைப் பிடித்தார். "அன்னைக்கு டியூசன் வாசல்ல எம்புட்டு நேரம் நின்ன?"

இத்தனை நாளில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"ஏழரை வரைக்கும்ப்பா. வரலைன்னு அவனைத் திட்டிக்கிட்டே நின்னேன். எரும, நாயின்னு... அவன் ரோட்டுல கெடக்குறது தெரியாம அம்புட்டுத் திட்டுத் திட்டினேன்ப்பா."

"அவனும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் கெளம்பினான்." அவர் முகம் சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் கோணியது. "'ஒரு டவுன் பஸ்ஸு ஏறி வரத் துப்பில்ல, மகாராணிக்கு டிரைவர் வேணுமாம்'னான் பாண்டி. நான் போகவாடான்னு கேட்டேன். 'நீ போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா, நானே போறேன்'னு சட்டைய மாட்டிக்கிட்டு ஓடுனான்."

பாண்டி என்ற பெயரைக் கேட்டதும் அவள் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். அவரும் அழுதார். நான் வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். வாசலில் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் "அக்கா, புக்கு..." என்று இழுத்தார்கள். "அப்புறம் வாங்கடி, போங்க" என்று விரட்டிவிட்டு நானும் வெளியிலேயே நின்றேன்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"அப்பா, வேற என்ன சொன்னான் அண்ணன்?"