ஒழுக வேண்டிய கூரை

ஆஷர் கார்பின் ஏணியின் உச்சியில் நின்று, யூதர்களின் கூடாரப் பண்டிகைக்கான பந்தலின் மேல் மரக்கிளைகளைப் பரப்பிக்கொண்டிருந்தான். கிளாஸ்கோ மழை அவன் காலர் வழியாக நுழைந்து, முதுகில் இறங்கி, காலுறை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கீழே நின்று கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்த எஃபி மெக்காலம் அண்ணாந்து பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"இன்னும் நெருக்கமாப் போடுய்யா. வானம் தெரியுது பாரு."

"தெரியணும். எங்க சட்டமே அதான்."

"மழை உள்ள விழுமே?"

"விழட்டும். மழையே உள்ள வராத மாதிரி அடைச்சிட்டா, அது கூடாரப் பண்டிகைப் பந்தலே இல்ல. வெறும் வீடு."

எஃபி கிளையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தாள். "அப்ப எங்க வீட்டுக்கு நீங்கல்லாம் எப்பவோ கும்பிட வந்திருக்கணும்" என்றாள்.

ஆஷர் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. இருவருக்கும் ஒரே பஸ் பணிமனையில்தான் வேலை. அவன் இன்ஜின் பழுது பார்ப்பவன். அவள் பஸ்களைக் கூட்டிக் கழுவுகிறவள். அவள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில்தான் இந்தப் பந்தல் எழுந்துகொண்டிருந்தது. மேல்மாடியில், அவளுடைய படுக்கையறைக் கூரை போன குளிர்காலத்திலிருந்து ஒழுகுகிறது. அந்த ஒழுகலுக்கு நேர் கீழே அவள் கணவன் டங்கனின் கட்டில். அவனுக்கு நெஞ்சு சரியில்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. இன்னொரு குளிர்காலத்தை அந்த அறையில் கழித்தால் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அடுத்த தெருவில் இருந்த யூத ஜெப ஆலயத்தில் 'அக்கம்பக்கத்து நீதிக்குழு' என்று ஒன்று உண்டு. ஆஷர் அதில் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படாததால் ஆறு வருஷமாக அவனே செயலாளர். குழு இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனிக்கு மனு எழுதியது, வாசலில் அட்டை பிடித்து நின்றது, ஒருமுறை தேன் கேக் கூடக் கொண்டுபோய்க் கொடுத்தது. கேக்கை வாங்கிக்கொண்டார்கள். "உங்கள் கவலை எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பதில் வந்தது. எஃபி அந்தக் கடிதத்தை மடித்து ஜன்னல் சந்தில் செருகிவைத்தாள். குளிர்காற்றையாவது அது தடுத்தது.

பண்டிகையின் நடு நாட்களில் ஒன்றான அன்று, ஆலயத்துக்காரர்களும் குடியிருப்பவர்களும் சேர்ந்து பந்தலில் மதியச் சாப்பாடு சாப்பிடுவது என்று ஆலயத்தின் குருவான ரபி தமார் ஏற்பாடு செய்திருந்தார். அது ரபியின் திட்டம். ஆஷரிடம் அதற்குள்ளேயே இன்னொரு திட்டம் இருந்தது. அது எஃபிக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசிக் கிளையைப் போட்டுவிட்டு இருவரும் படிக்கட்டின் அடியில் ஒதுங்கினார்கள். ஆஷர் போனை எடுத்துத் தொண்டையைச் செருமினான்.

"பெரிய இடத்து ஆள் மாதிரிப் பேசு. மூக்கால பேசு" என்றாள் எஃபி.

ஆஷர் மூக்கால் பேசினான். கம்பெனி நிலத்தில் அனுமதி இல்லாமல் யாரோ கொட்டகை போட்டிருக்கிறார்கள், மனிதர் இருக்க லாயக்கில்லாத கொட்டகை, இதைப் பார்த்துத் தன் மனசு பதறுகிறது என்றான். கூரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "வரிசையில இருக்கீங்க" என்று சொல்கிற அதே பெண்தான் எடுத்திருந்தாள்.

"அய்யய்யோ, நம்ம இடத்துலயா? இதோ இப்பவே ஆள் அனுப்புறோம் சார்."

ஆஷர் போனைச் சட்டைப்பையின் அடிவரைக்கும் திணித்தான். காட்டிக்கொடுப்பவனைவிடக் கேவலமானவன் உலகத்தில் கிடையாது என்று கேட்டு வளர்ந்தவன் அவன். அதிலும் பண்டிகைப் பந்தலை! ஆனால் அந்த ஆள் ஒருமுறை இங்கே கால் வைத்துவிட்டால் போதும். எப்படியாவது கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கூரையைக் காட்டிவிடலாம். பார்த்த பிறகு பார்க்கவில்லை என்று எழுத முடியாதல்லவா?

மதியம் பந்தலுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ரபி தமார் ஆசீர்வாதம் சொல்லி ரொட்டியைப் பிட்டார். யாரோ குடையை விரிக்கப் போக, "குடைக்கு அடியில உக்காந்தா பந்தலுக்கு அடியில உக்காந்த கணக்கு ஆகாது" என்று மடக்கச் சொன்னார். சூப் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் எழுந்து உள்ளே போகலாம் என்று சட்டத்திலேயே சலுகை இருக்கிறது. கிளாஸ்கோவில் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தால் பண்டிகை என்று ஒன்றே இருக்காது. அதனால் எல்லோரும் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு குடித்தார்கள். குடிக்கக் குடிக்க சூப் கூடிக்கொண்டே போனது.

சூப் ஆறுவதற்குள் கிர்க்வுட் வந்துவிட்டார். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. கழுத்தில் அட்டை, கையில் ஈரம் பார்க்கும் கருவி. வணக்கம் சொன்ன கையோடு பந்தலின் பலகைச் சுவரில் கருவியின் ஊசியைக் குத்தினார். கருவி வீறிட்டது.

"சுவர் முழுக்க ஈரம்" என்றார். அண்ணாந்தார். மூக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. "கூரை ஒழுகுது."

"ஒழுகத்தான் சார் வேணும்" என்றான் ஆஷர்.

"தெரிஞ்சே ஒழுக விட்டிருக்கீங்களா?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல."

கிர்க்வுட் அதைக் குறித்துக்கொண்டார். "இதுல மனுஷங்க இருக்கக் கூடாது. உடம்புக்குக் கேடு. நெஞ்சுல சளி கட்டும். ஒரு நிமிஷம்கூட நான் அனுமதிக்க முடியாது" என்றார். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதைக் கேட்டதும் எஃபி துள்ளி எழுந்தாள்.

"அதேதான் சார்! அப்படியே மேல வாங்க. எங்க ரூம்லயும் அந்த ஊசியக் குத்திப் பாருங்க. கத்துற கத்துல மிஷினே செத்துப்போயிரும்."

"எனக்குப் பின்முற்றத்துக்கு மட்டும்தான் உத்தரவும்மா. மாடிக்குத் தனி ஆள்."

"அந்தத் தனி ஆள் எப்ப சார் வருவாரு?"

"வரிசைல வருவாரு."

"சரி, டீ குடிக்கவாவது மேல வாங்க சார்" என்று ஆஷர் குறுக்கே புகுந்தான்.

"டியூட்டில குடிக்கிறதில்ல."

"பாத்ரூம்?"

"இப்பதான் போயிட்டு வந்தேன்."

"மேலேருந்து பாத்தா பந்தலோட குறையெல்லாம் இன்னும் நல்லாத் தெரியும் சார்!"

இதற்குக் கிர்க்வுட் கொஞ்சம் அசைந்தார். படிக்கட்டு வரை போய் ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். ஆஷர் அவசரமாக ஒதுங்கி வழிவிட்டான். அப்போது பார்த்து மேல்மாடி ஜன்னலைத் திறந்து டங்கன் தலையை நீட்டினான். வாயை அடக்கத் தெரியாத ஜென்மம்.

"வாங்க சார், வாங்க! கட்டில்லயே நீச்சல் அடிக்கலாம்!"

கிர்க்வுட் காலைக் கீழே எடுத்துவிட்டார். "இங்கேருந்தே போதுமான அளவு தெரியுது" என்றார்.

எஃபி ஜன்னலை நிமிர்ந்து பார்த்த பார்வையில் டங்கனின் தலை உள்ளே போய்விட்டது. ஆஷர் மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

ரபி தமார் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "யார் புகார் குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"பேர் சொல்லல. ரொம்பப் பெரிய இடம் போல. சளி பிடிச்ச குரல். ஜனங்க எப்படி வாழறாங்கன்னு அவ்வளவு வருத்தப்பட்டாராம்."

ரபியின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து ஆஷரின் காதுகளில் வந்து நின்றது. அவை சிவந்திருந்தன.

"ஆஷர்," என்றார் மெதுவாக, "நம்ம சரித்திரத்துல காட்டிக்கொடுத்தவங்க இருந்திருக்காங்க. ஆனா தன் பந்தலையே காட்டிக்கொடுத்தவன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தனும் இல்ல. இதுக்கு என்ன தண்டனைன்னு நான் தேடித்தான் பாக்கணும்."

"தேடுங்க ரபி. ஆனா ஒண்ணு பாத்தீங்களா, கூப்பிட்ட உடனே வந்துட்டாங்க" என்றான் ஆஷர்.

"பாத்தேன்" என்றார் ரபி. தன் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனி லாரியும் வந்தது. கூரை ஏறுகிற நீள ஏணி, கயிறு, ஆணி, மடிப்புக் கலையாத புதுத் தார்ப்பாய், இரண்டு ஆட்கள். கூரை வேலைக்கு ஆளும் சாமானும் இல்லை என்று கோடை முழுவதும் சொன்ன கம்பெனி அது. எஃபி லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் பந்தலைப் பிரித்தார்கள். நல்ல வேலைக்காரர்கள், ஒரு பலகை உடையவில்லை. கிளைகளை ஒரே அளவாக அடுக்கி, பக்கத்தில் பலகைகளைச் சாய்த்து, எல்லாவற்றின் மேலும் அந்தப் புதுத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, நான்கு மூலைகளிலும் கட்டினார்கள்.

"இது எதுக்கு?" என்று கேட்டாள் எஃபி.

"அடுத்தவங்க சாமானும்மா" என்றார் கிர்க்வுட். "வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் நாங்கதான் பொறுப்பு. நனைஞ்சு கெட்டுப்போனா கம்பெனிய இல்ல கேப்பாங்க?"

ஜன்னல் மறுபடி திறந்தது. டங்கன் இந்த முறை சிரிக்காமல் கேட்டான். "சார், அந்தப் பாய்க்கு அடியில ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

"சாமானுக்கு மட்டும்தாங்க" என்றார் கிர்க்வுட்.

போகிற வழியில் அவர் ஒருமுறை நின்று முடிச்சுகளை இழுத்துப் பார்த்தார். ஒரு கிளையின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து, அதை உள்ளே தள்ளி, தார்ப்பாயை இழுத்து மூடினார்.