அவளுக்குக் கண் கூசும்

கார் சாவியை அவர் மகனிடம் கொடுப்பதாக இல்லை. மருத்துவமனை வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மனைவியின் உடலை ஏற்றிய வேன் பின்கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. பொழுது இருட்டிவிட்டது.

"காலையிலேருந்து உங்க பல்லுல பச்சைத் தண்ணி படலப்பா. நான் ஓட்டுறேனே," என்றான் மகன்.

"நீ ஓட்டுற லட்சணம் எனக்குத் தெரியாதா? உன்னை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணவனே நான்தான்."

அது மெய். முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை வைத்த அதிகாரி அவர். பெற்ற பிள்ளை என்றும் பார்க்கவில்லை. ஊர் சிரித்தபோது, இந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது என்று மீசையைத் தடவிக்கொண்டவர். அவர் வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

வேன் டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டார். "சார், எனக்கே லைசென்ஸ் குடுத்தவரு நீங்க. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலயே வரேன்."

"கேட்டியா? அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான். ஏறு."

மகன் அம்மாவின் துணிப்பையோடு காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். அவர் வண்டியைக் கிளப்பினார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், பாட்டும் வரைபடமும் காட்டும் தொடுதிரை பளீரென்று எரிந்தது. பகலில் அதன் வெளிச்சத்தைக் கூட்டுவதும் இருட்டினால் குறைப்பதும் அவள் வேலை. வண்டி வாங்கிய நாலு வருடமும், "எனக்குக் கண்ணு கூசுதுங்க" என்று சொல்லி, பெல்ட் போடும் முன்பே குறைத்துவிடுவாள். இனி யாருக்குக் கூசப்போகிறது என்று அவர் அதை அப்படியே விட்டார்.

வெளிவாசலை நெருங்கும்போது மகன் கத்தினான். "அப்பா! ஆளு!"

பிரேக்கை மிதித்தார். ஒரு முழம் தள்ளிக் காவலாளி நின்றிருந்தார்.

"பெரியவரே, கண்ணு தெரியலையா? தெரியலைன்னா எதுக்கு வண்டிய எடுக்குறீங்க?"

"யாரைப் பாத்துடா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். காரின் முன்கண்ணாடியில் திரையின் வெள்ளைச் சதுரம் மிதந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் காவலாளி பாதிதான் தெரிந்தார்.

மகன் முன்னால் எக்கி, திரையில் விரலை வைத்து வெளிச்சத்தைக் கீழே இறக்கினான். வெள்ளைச் சதுரம் கரைந்தது. சாலை வந்தது. காவலாளியின் சட்டைப் பொத்தான்கள்கூடத் தெரிந்தன.

அவர் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. "கிழவிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று உறவுக்காரர்கள் முன்னால் எத்தனை தடவை கேலி பேசியிருப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவருடைய மாத்திரை அட்டையில் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்ததைக் கண்ணாடி போடாமல் வாசித்துச் சொன்னவளும் அவள்தான். இரண்டும் ஒரே வீட்டில்தான் நடந்தன. அவர் சேர்த்துப் பார்த்ததில்லை.

"உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா? என் கண்ணைப் பத்தி?"

"இல்லப்பா. தனக்குத்தான் கூசுதுன்னு சொன்னாங்க."

"உங்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும் அதேதான்."

"வாயே தொறக்கல, பாரு," என்றார். அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "என்னோட இருந்தவ இல்லையா."

சன்னல் கண்ணாடியை இறக்கினார். திட்டு விழப்போகிறது என்று காவலாளி ஓரடி பின்வாங்கினார்.

"தப்பு என்னோடதுதான். எனக்குக் கண்ணு தெரியல."

இறங்கி, பின்கதவைத் திறந்து, சாவியை மகன் கையில் வைத்தார். "முன்னாடியே போ. நிதானமா போ. அவ பின்னால வரா."

சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார். அவள் குள்ளம். இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் இழுத்தபடியே கிடந்தது. ஆறடி மனிதரின் முழங்கால்கள் இரண்டும் எதிரே முட்டின.

"சீட்டைப் பின்னாடி தள்ளட்டுமாப்பா?"

"வேணாம். வண்டிய எடு."

வேனின் விளக்குகள் பின்னால் எரிந்தன. அவர் முழங்கால்கள் இடிக்க, நேராக உட்கார்ந்திருந்தார்.