நாற்பது நிமிடம், கிளறக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய நிறுவனம் பத்து நாள் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பியது. போனவர் புது மோட்டாரைப் பற்றி என்ன கற்றுக்கொண்டாரோ தெரியாது, வீட்டுக்குச் சமையல் நிபுணராகத் திரும்பி வந்தார். அதுவரை உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்றுகூடத் தெரியாத மனிதர். இது நடந்து ஆறு வருடம் ஆகிறது.

எல்லாம் பயிற்சி கொடுத்த மூத்த மெக்கானிக்கின் உபயம். அவரை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி நாள் அவர் இவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், இறைச்சியும் பயறும் போட்டு ஒரு சட்டி நிறையச் சமைத்துக் கொடுத்திருக்கிறார். நம்மவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறார். ஒரு திருகாணியைக்கூட விடாத தொழில் அல்லவா. 'சட்டியை மூடவும். பெரிய தீ. நாற்பது நிமிடம். கிளறக் கூடாது.' அதில் அடித்த வாடைக்குப் 'புகைமணம்' என்றும், பண்டத்துக்குப் 'புகைக்கறி' என்றும் அவரே பெயர் வைத்தார். குறிப்பை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினார்.

அன்றிலிருந்து மனைவியின் பிறந்தநாள் என்றால் புகைக்கறிதான். முதல் வாயிலேயே அவளுக்குக் கண் கலங்கிவிடும். அதை அவர் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்வார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்பாள் அவள்.

அவளுக்கு நாக்கு செத்துவிடவில்லை. கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். நூலளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் அடுப்பு அவள் தலையில். அந்த ஒரே ஒரு நாள்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வேறொருவர் தட்டு வைத்துப் பரிமாறுவார். உண்மையைச் சொன்னால் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அப்படி ஒரு ரோஷக்காரர். அந்த ஒரு நாளுக்காக ஒரு தட்டுக் கரியை விழுங்கித் தொலைக்கலாம் என்று அவள் முடிவு செய்து ஆறு வருடமாகிறது.

இந்த வருடம் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு ஸ்பானரே வருவதாக இருந்தது.

ஸ்பானர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார்.

"என்னமோ தீயுது போல இருக்கே?"

"அது புகைமணம், மாமா" என்றாள் பத்தாவது படிக்கும் மகள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மனைவி அவரை அவசரமாகப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். ஸ்பானர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே. அன்னிக்குப் பேச்சு சுவாரசியத்துல சட்டிய மறந்துட்டேம்மா. அடியெல்லாம் கரி. உங்க வீட்டுக்காரர் வழிச்சு வழிச்சு சாப்பிட்டாரு. பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு சாப்பிடறாருன்னு நெனச்சேன்."

"அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அதுக்கென்னம்மா, சொல்லிட்டாப் போச்சு."

சொல்வதற்குச் சுலபம்தான். ஆனால் அவர் முப்பது வருடமாக லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர். பழுதான ஒன்றை நன்றாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லாத கை அது. வாயும் அப்படித்தான் என்பது பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"எப்படிண்ணே?" என்று கரண்டியும் கையுமாக நின்றார் கணவர். "நாப்பது நிமிஷம். ஒரு நொடி கூடல, கொறையல."

ஸ்பானர் அவளைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். "நல்லா..." என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு வண்டி நகரவில்லை.

"தம்பி, அன்னிக்கு அது அடிப்பிடிச்சுப் போச்சுப்பா" என்று போட்டு உடைத்துவிட்டார்.

கணவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"மொத வருஷமே தெரியும்பா."

அவர் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தார். நாலாக மடித்து மனைவியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனிமே இந்தப் பக்கமே நான் வரல. நீயே பாத்துக்கோ."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான்கு பேருக்குப் பசி; எழுந்திருக்க வேண்டியது யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய கால்கூட, பாழாய்ப்போன கால், தானாகவே சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அது தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு வருடம் சேர்த்து வைத்திருந்த கோபம்.

"கரியைத் தின்னேனே, ருசிக்காகன்னு நெனச்சீங்களா?" என்றாள். "வருஷத்துல இந்த ஒரு நாள்தான் நான் உக்காந்து சாப்பிடறேன். அதுக்காகத் தின்னேன். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் எனக்குப் பொறந்தநாள்தான். எனக்குப் பசிக்குது."

ஏப்ரனை அவர் பக்கம் தள்ளினாள்.

ஸ்பானர் சங்கடத்தோடு எழுந்தார். "நான் வேணா கூட..."

"நீங்க உக்காருங்கண்ணே. சொல்லிக் குடுத்த வரைக்கும் போதும்."

கணவர் ஏப்ரனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

"முட்டை எங்க இருக்கு?"

"தேடுங்க."

அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு வந்தது. அதில் ஒரு முட்டை, ஓரமெல்லாம் கறுப்பு. அவர் பரீட்சை எழுதிய பையனைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய வார்த்தை அவளுடைய நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"கருகியிருக்கு" என்றாள். "இன்னொண்ணு போடுங்க."

அவர் போய்ப் போட்டார்.